அரை பாட்டில் நாரத்தங்காய்

கப்பல் வேலைக்குப் போகிறவன் முதலில் பார்ப்பது கடலை அல்ல, ஒரு மேசையை. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒப்பந்தத்தை உரக்கப் படிப்பார். படித்துக் காட்டாமல் மாலுமியிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். என் முறை வந்தபோது அவர் இங்கிலீஷில் படிக்கப் படிக்க, பக்கத்தில் நின்ற என் மச்சான், அதாவது அக்காவின் கணவர், காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

“சோறு போடுவாங்க. சம்பளம் குடுப்பாங்க. சொன்ன பேச்சு கேக்கோணும். வேலை முடிஞ்சா ஊருக்குக் கொண்டாந்து உடுவாங்க. இவ்வளவுதான் கண்ணு, போடு கையெழுத்த.”

பக்கம் பக்கமாக எழுதிய சட்டத்தை இதைவிடச் சுருக்கமாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. போட்டேன்.

ஏற்காடு கடைத்தெருவில் எங்கள் அத்தாவுக்கு, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், மளிகைக் கடை. எஸ்டேட்டில் சம்பளம் போடும் நாளில் நிற்க இடமிருக்காது, மற்ற நாளில் பனி மட்டும் உள்ளே வந்து போகும். அந்த மலையில் கடலைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? மச்சான் சேலத்தில் லாரிப் பட்டறையில் இன்ஜின் வேலை பழகியவர். யாரையோ பிடித்து எப்படியோ கப்பல் இன்ஜின் ரூமுக்குள் நுழைந்துவிட்டார். அக்காவுக்கு அவரைப் பேசி முடித்தபோது, “ஏனுங்க பாய், மாப்பிள்ளை கப்பலை ஏரியில கொண்டாந்து கட்டுவாருங்களா?” என்று கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் அத்தாவைச் சீண்டினார்கள். அத்தா சிரிக்கவே மாட்டார். பருப்பு நிறுத்துக்கொண்டே, “கட்டுவாரு, உங்களுக்கு டிக்கெட்டு கெடையாது” என்பார்.

எழுபதுகளின் கடைசியில் மச்சான் என்னையும் இழுத்துக்கொண்டார். எனக்கு இங்கிலீஷ் எழுத வரும் என்பதால் கப்பலில் ஸ்டோர் கணக்கு பார்க்கும் வேலை கிடைத்தது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறவரைக் கூப்பிடுவதுபோல அங்கேயும் என்னை ‘ரைட்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அத்தனை தூரம் போயும் ஏற்காட்டுப் பட்டம்தான் கிடைத்தது.

கப்பலில் கணக்கு எழுதி முடித்தபின் படிக்க ஒன்றும் இருக்காது. அலமாரியில் கப்பல் சட்டப் புத்தகம் ஒன்று இருந்தது. பம்பாய் நடைபாதையில் இன்னும் பழசாக ஒன்று வாங்கினேன். இரண்டையும் படித்தேன். படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது. என் சுபாவம் அப்படி. ஒரு காலத்தில் கப்பல் மூழ்கினால் மாலுமியின் சம்பளமும் சேர்ந்து மூழ்கிவிடுமாம். சரக்குக்குக் கூலி வராதபோது இவனுக்கு எதற்குக் கூலி என்பது அன்றைய நியாயம். உயிரோடு நீந்திக் கரையேறியவனும் வெறுங்கையோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும். வேலை பிடிக்காமல் ஓடிப்போனால் ஜெயில். நம் பக்கத்திலிருந்து கூட்டிப்போன லஸ்கர் மாலுமிகளை லண்டன் குளிரில் தெருவில் விட்டுவிட்டுக் கப்பல்கள் கிளம்பிப் போயிருக்கின்றன. பலபேர் விறைத்துச் செத்தபிறகுதான், கூட்டி வந்தவனே திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும் என்று எழுதினார்கள். பல் ஈறு அழுகிச் சாகிறார்கள் என்று எலுமிச்சம்பழச் சாறு கொடுக்கச் சொன்னார்கள். அதையும் முதலாளிகள் தண்ணீராக்கியதால், சாற்றைச் சோதித்துச் சீல் வைக்க வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தார்கள். சட்டம் எழுதியவர்கள் மகான்கள் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் எவனோ ஒருவன் ஏமாந்திருக்கிறான்.

செத்துப்போன மாலுமியின் பெட்டியைப் பற்றியும் ஒரு பிரிவு இருந்தது. பழைய நாளில் அந்தப் பெட்டி கேப்டனுக்கோ அவருக்கு அடுத்த அதிகாரியான ‘மேட்’டுக்கோ போய்விடுமாம். அதனால் சட்டம் வந்தது: இறந்தவனின் ஒவ்வொரு பொருளையும் கப்பல் பதிவேட்டில் எழுத வேண்டும், விற்பதானால் எல்லோரும் பார்க்க ஏலம் போட வேண்டும், பழைய சட்ட வாசகத்தில் இது ‘பாய்மரத்தடி ஏலம்’, எது என்ன விலைக்குப் போனது என்பதை எழுதி, ஒரு அதிகாரியும் ஒரு மாலுமியும் கையெழுத்துப் போட வேண்டும், பணம் குடும்பத்துக்குப் போக வேண்டும். அதைப் படித்தபோது அது யாருக்கோ எழுதியது என்றுதான் நினைத்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் பின்னால்தான் எங்கள் வீடு. மிளகும் கிராம்பும் பொட்டலம் கட்டுவது அக்காவின் வேலை. எடை ஒரு மயிரிழை குறைந்தாலும் இன்னும் நாலு மிளகை அள்ளிப் போடுவாள். “போறவங்க நம்மளை நெனச்சுக்கிட்டுப் போகக் கூடாது, மறந்துட்டுப் போகோணும்” என்பாள். ஒருவர் கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டாள். ஒருவர் கொடுத்த காசையும் காரணமில்லாமல் வாங்க மாட்டாள். அத்தாவே அவளிடம் பயந்துதான் பேசுவார்.

மச்சான் ஒவ்வொரு முறை கப்பலுக்குக் கிளம்பும்போதும் நாரத்தங்காய் ஊறுகாய் போடுவாள். கிளியூர்ப் பக்கமிருந்து எஸ்டேட் வேலைக்கு வரும் ஒரு பெண் காய் கொண்டுவந்து கொடுப்பார். ஏற்காட்டில் வெயிலை நம்பி ஊறுகாய் போடுவது பெரிய சூதாட்டம். தட்டை வெளியே வைத்தால் பனி வரும், உள்ளே கொண்டுவந்தால் வெயில் அடிக்கும். தட்டும் கையுமாக வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தே அவளுக்குக் கால் வலித்துவிடும். மச்சான் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டு, “கப்பலே இவ்வளவு ஆடாது” என்று சிரிப்பார்.

அந்தப் பயணத்தில், கரை எந்தத் திசையிலும் கிட்டத்தில் இல்லாதபோது, மச்சான் இன்ஜின் ரூமிலிருந்து ஏறிவந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “தண்ணி குடுறா கண்ணு” என்றார். கொண்டுவந்தேன். குடிக்கவில்லை.

கப்பலில் உடம்பை வைத்திருக்க முடியாது என்றார்கள். குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றினோம். எங்கள் சாரங்குதான், நாகூர்ப் பக்கத்துக்காரர், டெக் ஆட்களுக்கெல்லாம் தலைவர், ஜனாஸா தொழுகை நடத்தினார். தொழுகைக்கு முன்னால் இறந்தவரின் ஆள் எழுந்து நின்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். நான் எழுந்து நின்று கேட்டேன்: “எங்க மச்சான் உங்க யாருக்காச்சும் கடன் தரோணும்னா எங்கிட்டக் கேளுங்க, நான் தர்றேன். தப்பா ஏதாச்சும் பேசியிருந்தா பொறுத்துக்கோங்க.” ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும்கூட வந்து நின்றிருந்தார்கள், அவர்களும் பேசவில்லை. கேப்டன் இன்ஜினை மெதுவாக்கச் சொன்னார், மச்சானைக் கடலில் இறக்கினோம். மச்சான் இல்லாமல் அந்த இன்ஜின் ஓடியது எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் கேப்டன் என்னைக் கூப்பிட்டு, பெட்டியை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகிறாயா, சட்டப்படி ஏலம் போடட்டுமா என்று கேட்டார். கொண்டுபோகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சாரங்கு என்னை வெளியே இழுத்துப் போனார்.

“பசங்க எல்லாம் ஏதாச்சும் குடுக்கணும்னு நிக்கிறாங்க. சும்மா குடுத்தா உங்க அக்கா வாங்குமா?”

“செத்தாலும் வாங்காதுங்க.”

“அப்ப ஏலம் போடச் சொல்லு.”

மச்சானின் தொப்பி, தஸ்பீஹ் மணி, கைக்கடிகாரம் மூன்றையும் நான் எடுத்துக்கொண்டேன். மற்றதெல்லாம் டெக்கில் பரப்பினோம். சட்டையை ஒருவன் புதுச் சட்டை விலைக்கு எடுத்தான். எடுத்தவன் காசைத் திருப்பிக் கேட்காமல் அதைத் திரும்பக் கொண்டுவந்து அதே இடத்தில் வைத்தான். “எனக்கு அளவு சரியில்லை, திருப்பி ஏலம் விடு” என்றான். அடுத்தவன் அதைவிட அதிகம் சொல்லி எடுத்தான், அவனுக்கும் அளவு சரியில்லை. செருப்பும் யாருக்கும் அளவு சரியில்லை. டார்ச் லைட்டுக்கு என்ன அளவு என்று மேட் கேட்டார், அதுவும் திரும்பி வந்தது. கடைசியில் பெட்டி மூலையில் அரை பாட்டில் நாரத்தங்காய் இருந்தது. அதை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். சாரங்கு எடுத்து நடுவில் வைத்தார். அதற்கு ஏறிய விலை வேறு எதற்கும் ஏறவில்லை. மேலே இருந்து கேப்டனும் ஒரு விலை சொல்லி அனுப்பினார். முடிவில் சமையல் செய்யும் பண்டாரி, தன் மாதச் சம்பளத்தில் பாதியைச் சொல்லி எடுத்து, அன்று மத்தியானம் எல்லோர் தட்டிலும் நகத்தளவு வைத்தார். பதிவேட்டில் மேட் கையெழுத்துப் போட்டார், சாட்சி மாலுமியாக நான் போட்டேன்.

பயணம் முடிந்து நான் மலைக்கு வந்தபோது அக்கா இத்தாவில் இருந்தாள். கணவர் இறந்த பெண் வெளியே போகாமல், வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம் அது. தந்தி வந்த அன்றிலிருந்து அக்கா அழவேயில்லை என்று அம்மா என் காதில் சொன்னார். என்னைக் கண்டதும் அழுவாள் என்று நினைத்தேன். “மெலிஞ்சு போயிட்டியே சாமி” என்றாள், சோறு போட்டாள்.

சில நாளில் சம்பள பாக்கியும் ஏலப் பணமும் வந்து சேர்ந்தன, ஏலக் கணக்கின் நகலோடு. என்னென்ன போச்சு, படி என்றாள். படித்தேன். சட்டை, பேன்ட், செருப்பு என்று வரிசையாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். வெளிநாட்டுச் சாமான், அதன் விலை அவளுக்கு என்ன தெரியும்? ஊறுகாய் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“என்ற ஊறுகாயா?”

“ஆமாக்கா.”

“முழு பாட்டிலா?”

“பாதி.”

“பாதிக்கு இவ்வளவா?”

அதன் விலை அவளுக்குத் தெரியும். காய் கிளியூரிலிருந்து வந்தது, உப்பும் மிளகாயும் கடையிலிருந்து வந்தன. என்னைப் பார்த்த பார்வையில் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், திரும்பத் திரும்ப ஏலம் விட்டது முதல். கேட்டு முடித்ததும் அவள் கேட்ட கேள்வி எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

“ஜனாஸாவுல எந்திரிச்சு நின்னு, கடன் இருந்தா கேளுங்கன்னு கேட்டியா?”

“கேட்டனே.”

“அது ஏலத்துக்கு முன்னயா, பின்னயா?”

“முன்ன.”

“அப்ப இந்தக் கடனை நீ கேக்கலையே கண்ணு” என்றாள்.

அவள் கணக்கு இதுதான். பொருளின் பெறுமானத்துக்கு மேல் வாங்கிய காசு நம் காசு அல்ல. மச்சான் பொருளுக்குத்தான் அந்தக் காசு வந்தது, ஆகவே அது மச்சான் தலையில் நிற்கும் கடன். அவருக்குக் கபர் என்று மண்ணில் ஒரு குழி இல்லை, போய் நின்று ஒரு ஃபாத்திஹா ஓத இடமில்லை, இதில் கடனாளியாக வேறு படுத்திருக்கிறார். காசு கொடுத்த ஒவ்வொருவரும் வாய் திறந்து ஹலாலாக்கிவிட்டேன், மனமாரக் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்தை ஒரு மஞ்சள் பையில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். சரியாகச் சாப்பிடுவதையும் விட்டாள்.

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். “அதெல்லாம் சட்டப்படிதான் அக்கா” என்றால், “உங்க சட்டம் கப்பலுக்கு. அவரு இப்ப கப்பல்லயா இருக்காரு?” என்று கேட்டாள். மெட்ராஸ் போனபோது கப்பல் ஆபீஸ் குமாஸ்தா ஒருவரிடம் விசாரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “தம்பி, பணம் வரலேன்னு வர்றவங்களுக்குப் பிரிவு இருக்கு, பங்கு கேட்டுச் சண்டை போடுறவங்களுக்குப் பிரிவு இருக்கு. ஜாஸ்தி வந்துடுச்சுன்னு வர்றவங்களுக்கு இதுவரைக்கும் யாரும் எழுதல” என்றார். உண்மைதான். அத்தனை காலமாக அத்தனை சட்டம் எழுதியவர்களுக்கு என் அக்காவைப்போல ஒருத்தி வருவாள் என்று தோன்றவில்லை.

ஆட்களைத் தேடிப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒப்பந்தம் ஒரு பயணத்துக்குத்தான். கரை வந்து கணக்கு முடித்தால் அந்தக் கூட்டம் கலைந்துவிடும், ஆளுக்கொரு கப்பலில் உலகத்தின் ஆளுக்கொரு மூலைக்குப் போய்விடுவார்கள். அதே முகங்கள் மறுபடி ஒன்றாகச் சேர்வது ஹஜ்ஜில் தொலைத்த ஆளைக் கண்டுபிடிப்பதுபோல. எனக்கு விலாசம் தெரிந்தது சாரங்கு ஒருவருக்குத்தான். அவருக்கு எழுதினேன், வருவார் என்று நினைக்கவில்லை.

வந்தார். மழைக்காலம், பெரிய ரோட்டில் மண் சரிந்து குப்பனூர் வழியாகத்தான் பஸ் ஏறியது. காலையில் கிளம்பியவர் வந்து சேர மாலையாகிவிட்டது. நடுக்கடல் புயலில் வெற்று மார்போடு நின்ற மனிதர், இரண்டு சட்டையைப் போட்டு அதற்கு மேல் ஒரு டவலைச் சுற்றிக்கொண்டு எங்கள் முன்னறையில் நடுங்கினார். வளைவில் திரும்பித் திரும்பி வாந்தி எடுத்ததாக என்னிடம் ரகசியமாகச் சொன்னார். கப்பல்காரன் பஸ்ஸில் வாந்தி எடுத்தான் என்று வெளியே சொல்லாதே என்றார்.

அக்கா உள் அறைக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் பையைக் கதவிடுக்கு வழியாகத் தரையில் தள்ளி வைத்தாள்.

“அண்ணே, இவ்வளவு தொலைவு வந்தீங்க, நொம்ப சந்தோசமுங்க. அரை பாட்டில் ஊறுகாய்க்கு இது வெலையே இல்லீங்க. அவரு கடனாளியா நிக்கறாருங்க. அவங்கவங்க காசை அவங்கவங்ககிட்டச் சேத்துருங்க.”

சாரங்கு டீயைக் குடித்து முடித்தார். பையைத் தொடவில்லை.

“தங்கச்சி, பாட்டில் பாதிதான் இருந்துச்சு. மீதிப் பாதி எங்க போச்சுன்னு நீ கேக்கவே இல்லியே.”

“அவரு தின்னிருப்பாருங்க.”

“அவரு எங்கம்மா தின்னாரு? மெஸ்ஸுல இருந்த நாங்கதான் தின்னோம். அந்தப் பாட்டில் மட்டுமா, நீ குடுத்துவிட்ட எல்லா பாட்டிலும். எத்தனை மாசமா! ஒருத்தன்கிட்ட வெல கேட்டதில்ல. காசை நீட்டுனா கோவிச்சுக்குவாரு. ஜனாஸாவுல உன் தம்பி எந்திரிச்சு, அவரு யாருக்காச்சும் கடன் தரணுமான்னு கேட்டாரு. நாங்க எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னோம். ஏன்னா கடன் வச்சிருந்தது நாங்க. அவருக்கு யாரு கடன் தரணும்னு ஒருத்தரும் கேக்கல. அதான் மறுநாள் குடுத்தோம். அரை பாட்டிலுக்கு இல்ல தங்கச்சி, தின்னு தீத்ததுக்கு.”

அந்த மெஸ்ஸில் நானும்தானே உட்கார்ந்து சாப்பிட்டேன். மச்சான் பாட்டிலை நடுவில் வைப்பதும், சுற்றிலும் கைகள் நீளுவதும் கண்முன் வந்தது. அத்தனை சட்டம் படித்தவனுக்கு அது தோன்றவேயில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“அப்ப இது அவரு காசுதானுங்களா?”

“அவரு காசுதாம்மா. நாங்கதான் லேட்டு.”

கதவிடுக்கில் அக்காவின் கை வந்தது. தரையில் கிடந்த பையைப் பிடித்து மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

“அண்ணே” என்றாள் மறுபடி. “அவரு ஒரு துண்டு கூட வாயில வைக்கலீங்களா?”

“வைக்காம? எல்லாரும் எந்திரிச்ச பொறவு, கடைசி வாய்ச் சோத்தைப் பாட்டில் மூடியில தொடச்சுத் தின்பாரு. தின்னுட்டு, இன்னைக்கு உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்கும்பாரு. நாளைக்கு, இன்னைக்கு உப்புப் பத்தலைம்பாரு. பாட்டில் ஒண்ணுதாம்மா. தெனமும் உன்னோட பேசாம அவரு எந்திரிச்சதே இல்ல.”

அக்கா அழுதாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அத்தா கடையில் வியாபாரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார், பின்னாலேயே அம்மா வந்தார். கதவைத் திறக்கப் போன அம்மாவை அத்தா கையைப் பிடித்து நிறுத்தினார். சாரங்கு டவலை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். நாங்கள் நால்வரும் அந்த முன்னறையில் நின்று, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தோம்.